இரண்டு மாடிக்கும் ஒரே தளம்

எங்கள் கம்பெனி காளவாசலில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே இருக்கிறது. முதல் மாடியில் டெலிவரி ஆட்கள், இரண்டாம் மாடியில் டெவலப்மென்ட் ஆட்கள். தனியார் பஸ் கம்பெனிகளுக்கு டிக்கெட் மெஷினில் ஓடும் மென்பொருள் செய்து கொடுக்கிறோம். கண்டக்டர் கையில் வைத்துத் தட்டிக் கிழித்துத் தருகிறாரே, அந்தச் சின்ன மெஷின். மேலே இருப்பவர்கள் அதற்கான புரோகிராமை எழுதுவார்கள். கீழே இருப்பவர்கள் அதைக் கொண்டுபோய் மெஷின்களில் ஏற்றி, கண்டக்டர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, அவர்களிடம் திட்டும் வாங்கிக்கொண்டு வருவார்கள். நான் டெஸ்டிங். எழுதியதில் தப்புக் கண்டுபிடிக்கிறேன் என்று மேல் மாடிக்கு என்மேல் கோபம். எல்லாத் தப்பையும் கண்டுபிடிக்கவில்லை என்று கீழ் மாடிக்குக் கோபம். அதனால் இரண்டு மாடியிலும் எனக்குச் சமமான மரியாதை.

முதலாளியை எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர். ஒரே ஒரு பழக்கம். சென்னையில் எங்காவது கருத்தரங்கு என்றால் கிளம்பிவிடுவார். வரும்போது ஒரு புது யோசனையோடு வருவார். ஒருமுறை, தினமும் காலையில் எல்லோரும் நின்றுகொண்டே பேச வேண்டும், நின்றால் பேச்சு சீக்கிரம் முடியும் என்று கேட்டுவிட்டு வந்தார். நின்றோம். பேச்சு முடியவில்லை, கால்தான் வலித்தது. அவரே இரக்கப்பட்டு நாற்காலி போடச் சொன்னார். இன்றைக்கும் அந்தக் கூட்டத்துக்கு ஸ்டாண்ட் அப் என்றுதான் பெயர். உட்கார்ந்துதான் நடக்கிறது.

இப்போது சொல்லப்போகும் விவகாரம் தொடங்கியது ஒரு பஸ்ஸால். மேலூர் ரோட்டில் ஓடும் ஒரு பஸ் கம்பெனிக்குப் புது வெர்ஷன் போட்டோம். அன்றைக்குக் காலையில் மாட்டுத்தாவணியில் ஏறி ஒத்தக்கடை என்று கேட்டவர்களுக்கெல்லாம் மெஷின் மேலூர் என்று அடித்துக் கொடுத்தது. மேலூர் கேட்டவர்களுக்கு ஒத்தக்கடை வந்தது. மேலூர் டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஒத்தக்கடையில் இறங்கியவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஒத்தக்கடை டிக்கெட்டோடு மேலூர் வரை போனவர்களைச் செக்கர் பிடித்தார். அவர்கள் கண்டக்டரைப் பிடித்தார்கள். கண்டக்டர் அண்ணனுக்குப் போன் போட்டார்.

அண்ணன் நேரில் போய் அந்தக் கம்பெனி மேனேஜர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டு வந்தார். வந்ததும் இரண்டு மாடித் தலைவர்களையும் கூப்பிட்டார். டெவலப்மென்ட் தலைவர், இந்தத் தப்பு முன்னாடியே தெரியும், வெர்ஷனை நிறுத்தி வைக்கச் சொல்லி எங்கள் சாட்டில் போட்டேனே என்று போனைக் காட்டினார். டெலிவரித் தலைவி, இன்றைக்கு ஏற்றப்போகிறோம் என்று கஸ்டமர் குரூப்பில் போட்டேனே, யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லையே என்று தன் போனைக் காட்டினாள். மேல் மாடி சாட்டில் கீழ் மாடி ஆட்கள் கிடையாது. கஸ்டமர் குரூப்பை மேல் மாடி பார்ப்பது கிடையாது.

அண்ணன் இரண்டு போனையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் சரின்னா, பஸ்ஸுதான் தப்பான ஊருக்குப் போயிருச்சா?" என்றார்.

அந்தச் சமயத்தில் எங்களிடம் இருந்த கருவிகளைச் சொன்னால் வெளியாட்கள் நம்ப மாட்டார்கள். வேலைகளைப் பிரித்துக் கொடுக்க ஒரு செயலி. புரோகிராமைச் சேர்த்து வைக்க இன்னொன்று. மேல் மாடி பேசிக்கொள்ள ஒன்று. கஸ்டமர்களுக்கு வாட்ஸ்அப். தப்புகள் முழுக்க என்னுடைய எக்செல் ஷீட்டில்; சிவப்பு என்றால் அவசரம், நாளாக ஆக எல்லாமே சிவப்பாகிவிட்டதால் ரொம்ப அவசரத்துக்கு நீலம். எப்படி மெஷினில் ஏற்றுவது என்ற விளக்கக் குறிப்புகளோ, வேலையை விட்டு கோயம்புத்தூர் போய்விட்ட ஒருவருடைய சொந்தக் கணக்கில் இருந்தன. புதிதாக யாராவது சேர்ந்தால் அவருக்குப் போன் போட்டு, குடும்பத்தார் நலம் விசாரித்து, அனுமதி வாங்குவோம். அவரும் தங்கமான பையன், உடனே கொடுத்துவிடுவார்.

அடுத்த கருத்தரங்கிலிருந்து அண்ணன் திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு வெளிச்சம். இனிமேல் டெவலப்மென்ட்டும் டெலிவரியும் ஒரே தளத்தில்தான் என்றார். ஒரு மாடியைக் காலி செய்யப்போகிறார் என்று நினைத்துக் கீழே இருந்தவர்கள் தங்கள் ஜன்னலோரத்து இடங்களைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தார்கள். பிறகுதான் புரிந்தது. திட்டம் போடுவது, எழுதுவது, சோதிப்பது, ஏற்றுவது, புகார் வாங்குவது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மென்பொருள். அப்படி நிறைய கம்பெனிகள் விற்கின்றன. எதை வாங்குவது என்று சொல்லும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார். "உன்னையத்தான் ரெண்டு பக்கமும் பிடிக்காது. நீ சொன்னா யாரும் ஒருதலைப்பட்சம்னு சொல்ல முடியாது" என்றார். பாராட்டு மாதிரிதான் சொன்னார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த டெவலப்மென்ட் தலைவரும் டெலிவரித் தலைவியும் புருஷன் பெண்டாட்டி.

இரண்டு பேருமே எங்கள் கம்பெனியில்தான் முதல் வேலைக்குச் சேர்ந்தார்கள். அவருக்கு மதுரைக்கு மேற்கே ஊர். தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்திருக்கும் சம்சாரிக் குடும்பம். அவளுக்கு மேலூர்ப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு அவளை இன்ஜினியரிங் படிக்க வைத்தவர்கள். இந்த இரண்டு வீட்டுக்கும் கல்யாணம் என்றால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. அதை விவரிக்க வேண்டியதில்லை. ரிஜிஸ்தர் ஆபீஸில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. அவர்கள் சேர்ந்த நாளிலிருந்து அவரைத் தம்பி என்றும் அவளைத் தங்கச்சி என்றும்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அது கொஞ்சம் இடிக்கத்தான் செய்தது. ஆனால் பழகிய வாயை மாற்ற முடியவில்லை.

இரண்டு பேரும் ஒத்தக்கடையில் வீடு பார்த்துக் குடியிருந்தார்கள். ஒரே ஸ்கூட்டரில் வருவார்கள், ஒரே ஸ்கூட்டரில் போவார்கள். ஆனால் ஆபீஸ் படி ஏறிவிட்டால் அவர் அவளுக்கு மேடம், அவள் அவருக்கு சார். நேரில் பேசிக்கொள்ளவே மாட்டார்கள். எல்லாம் மெயிலில். அவசரம் என்றால் என் வழியாக. "அக்கா, கீழ கேட்டுச் சொல்லுங்க." "அக்கா, மேல சொல்லிருங்க." தொழில் நேர்மை என்று நாங்கள் எல்லோரும் அதை மெச்சிக்கொண்டோம்.

நான் ஊரில் உள்ள தளங்களையெல்லாம் பார்த்து இரண்டைத் தேர்ந்தெடுத்தேன். அதாவது, ஒன்றைத் தம்பி சொன்னார், இன்னொன்றைத் தங்கச்சி சொன்னாள், நான் இரண்டையும் எழுதிக்கொண்டேன். தம்பி சொன்னதில் எல்லாமே புரோகிராமிலிருந்து தொடங்கும். யார் எந்த வரியை எழுதினார், எப்போது மாற்றினார், அது எந்த வெர்ஷனில் போனது எல்லாம் கிளை பிரிந்து அழகாகத் தெரியும். தங்கச்சி சொன்னதில் எல்லாமே கஸ்டமர் புகாரிலிருந்து தொடங்கும். புகார் யாரிடம் வந்தது, யார் கையில் இருக்கிறது, யார் முடித்தார் என்று முகப் படத்தோடு வரும். இரண்டு கம்பெனிகளும் தங்களிடம் எல்லாமே இருக்கிறது என்றார்கள். இரண்டு பேரும் இன்னொருவரிடம் பாதிதான் இருக்கிறது என்றார்கள்.

விற்பனைக்கு வந்த இரண்டு இளைஞர்களும் இரண்டு மாடிக்கும் வந்து திரையில் காட்டினார்கள். முதலில் வந்தவர் ஆங்கிலத்தில் தொடங்கி, அண்ணனின் ஊர் எது என்று தெரிந்ததும் தமிழுக்கு மாறி, கடைசியில் தன் மாமா வீடும் சோழவந்தான்தான் என்று சொல்லி முடித்தார். அடுத்தவர் ஒரு பட்டனை அழுத்தினால் சென்னையிலிருந்து மதுரை மெஷினில் வெர்ஷன் ஏறும் என்றார். அழுத்தினார். நெட் இல்லை. கீழே டைல்ஸ் கடை வைஃபையைக் கேட்டு வாங்கிக் கொடுத்தோம். ஏறியது. எல்லோரும் கைதட்டினோம். டைல்ஸ் கடைக்காரருக்கும் சந்தோஷம்.

இரண்டையும் ஒரு மாதம் இலவசமாக ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். ஓட்டினோம். மேல் மாடி தம்பியின் தளத்தில் ஓட்டியது. கீழ் மாடி தங்கச்சியின் தளத்தில் ஓட்டியது. பழைய கருவிகளை யாரும் விடவில்லை, ஏனென்றால் சோதனைதானே. ஆகவே எல்லாவற்றையும் ஒன்றாக்குவதற்காக நாங்கள் எடுத்த முயற்சியில், ஏற்கனவே இருந்ததோடு இன்னும் இரண்டு சேர்ந்துகொண்டது. ஒரே தப்பை நான் இரண்டு தளத்திலும் எழுதி, எக்செல்லிலும் நீலம் அடித்தேன். கடைசியில் இரண்டு மாடியையும் மதிப்பெண் போடச் சொன்னேன். மேல் மாடி தன் தளத்துக்கு முழு மதிப்பெண்ணும் மற்றதுக்கு முட்டையும் போட்டது. கீழ் மாடியும் அப்படியே. கூட்டிப் பார்த்தால் இரண்டும் சமம். அண்ணனிடம் காட்டினேன். "ஆகக்கூடி ரெண்டுமே நல்லாருக்குன்னு சொல்ற" என்றார்.

இதற்கு மேல் ஆபீஸில் முடியாது என்று தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே அவர்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்னேன். சந்தோஷமாக வரச் சொன்னார்கள். போனபோது தம்பி சட்டியில் அயிரை மீனைப் போட்டு உரசிக் கழுவிக்கொண்டிருந்தார். மீன் சமையல் வீட்டில் அவர் பொறுப்பாம். தங்கச்சி சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவர்கள் சாரும் மேடமுமாக இருக்கவில்லை. அவர் அவளைக் கேலி செய்தார், அவள் அவரை அதட்டினாள். இந்த இரண்டு பேரா என்று இருந்தது. இதுதான் சமயம் என்று லேப்டாப்பைத் திறந்தேன்.

தம்பி ஈரக் கையை நீட்டித் தடுத்தார். "அக்கா, வீட்ல ஆபீஸ் பேச்சு கிடையாது. அது ரூல்."

யார் போட்ட ரூல் என்று கேட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து போட்டதாம். கல்யாணமான புதிதில் வீட்டுக்கு வந்தும் வெர்ஷன், புகார் என்றே சண்டை போட்டு, ஒருநாள் உலையில் அரிசி போட மறந்து தண்ணீர் மட்டும் கொதித்து வற்றியதாம். அன்றைக்குப் போட்ட ரூல். நல்ல ரூல்தான், அப்படியென்றால் ஆபீஸில் உட்கார்ந்து பேச வேண்டியதுதானே என்றேன். ஆபீஸில் நேரில் பேசிக்கொள்வதில்லை என்பது இன்னொரு ரூல் என்றார் தம்பி. அது தங்கச்சி போட்டது.

"ஸ்கூட்டர்ல வாரப்ப?" என்றேன்.

"ஹெல்மெட் மாட்டிருக்கோம்ல. அதுவும் அந்த ரோட்டு எரைச்சல்ல ஒண்ணும் காதுல விழாதுக்கா."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே விஷயம் உறைத்தது. ஒரு கம்பெனியின் இரண்டு பாதியும் இந்த இரண்டு பேரிடம் இருக்கின்றன. ஒரே வீட்டில் படுத்து எழுந்து ஒரே வண்டியில் வருகிறார்கள். ஆனால் நாளைக்கு வெர்ஷன் போடாதே என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்ல, ஒத்தக்கடையிலிருந்து காளவாசல் வரைக்கும் இவர்களுக்கு ஓர் இடம் கிடையாது. மேலூர் கேட்டவர்களுக்கு ஒத்தக்கடை டிக்கெட் வந்தது இதனால்தான். நாங்கள் இதற்குச் சென்னை, பெங்களூர் என்று மென்பொருள் தேடிக்கொண்டிருந்தோம்.

ஆபீஸில் ஏன் பேசக்கூடாது என்று கேட்டேன். தங்கச்சி அடுத்த வெங்காயத்தை எடுத்து உரித்தாள். தம்பிதான் சொன்னார். அவள் தலைவியான புதிதில், புருஷன் கோட்டாவில் வந்துவிட்டாள் என்று யாரோ பேசியது அவள் காதில் விழுந்ததாம். அதிலிருந்து, தனக்கு அவர் ஒத்தாசை செய்தார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருக்கிறாளாம். "சும்மா பொழுதுபோகாதவங்க பேசுறதுக்கா. நான் அப்பவே விட்ருன்னு சொன்னேன்" என்றார்.

"அது பாதிதான்" என்றாள் தங்கச்சி.

கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். அவளுக்குப் பொறுப்பு கொடுத்ததாக அண்ணன் அறிவித்த அன்றைக்கு, ஒரு வேலையாக மேல் மாடிக்குப் படியேறிக்கொண்டிருந்தாளாம். படி திரும்புகிற இடத்துக்கு மேலே இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இவள் வருவது அவர்களுக்குத் தெரியவில்லை. "அந்தம்மாவுக்கு என்னப்பா, டபுள் கோட்டா" என்றான் ஒருவன். இன்னொருவன் சிரித்தான். இவள் ஏறாமல் அப்படியே திரும்பி இறங்கிவிட்டாள்.

"ஒண்ணு புருஷன் கோட்டா. இன்னொண்ணு என்னன்னு உங்களுக்கு வெளக்கிச் சொல்லணுமாக்கா?"

வேண்டாம் என்று தலையாட்டினேன். தம்பி குழாயை மூடவில்லை. சட்டியில் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. யார் என்று கேட்டார்.

"எதுக்கு?"

"யாருன்னு கேக்குறேன்."

"நீங்க மாப்ள மாப்ளன்னு கூப்பிடுவீங்களே. மத்தியானம் உங்க டிபன் பாக்ஸ்லயே கை விட்டுத் திம்பான்ல, அவன்தான்."

தம்பி குழாயை மூடினார். பிறகு, இம்புட்டு நாளா ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார். குரல் தாழ்ந்துதான் இருந்தது.

"சொன்னா நீங்க சண்டைக்குப் போவீங்க. அப்புறம் புருஷன் வந்து சண்டை போட்டாருன்னு மூணாவது கோட்டாவும் சேரும்" என்றாள். இதைச் சொல்லும்போது அவளுக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. உடனே அது போய்விட்டது. என் பக்கம் திரும்பி, "நான் கேக்குறது டூல் இல்லக்கா. அவரு எடுத்துக் காட்டுனதுல எழுதுனவன் பேரு மட்டும்தான் மேல இருக்கு. வெயில்ல பஸ் ஸ்டாண்டுல நின்னு ஏத்துனவ பேரு எங்கயோ அடியில, தேடிப் பிடிக்கணும். நான் செஞ்சத நான்தான் செஞ்சேன்னு தெரியணும். அதுக்குத்தான் நான் அதைக் கேட்டேன்" என்றாள்.

நான் லேப்டாப்பை மூடிவிட்டேன். மீன் குழம்பு நன்றாக இருந்தது. கிளம்பும்போது தம்பி வாசல் வரை வந்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நின்றேன். மாட்டுத்தாவணிக்கு எந்த பஸ்ஸில் ஏறினால் கூட்டம் குறைவு என்று சொன்னார்.

மறுநாள் மேல் மாடியில் கைகலப்பு நடக்கும் என்று பயந்துகொண்டே போனேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. தம்பி தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தார். சக்கரம் வைத்த நாற்காலி. ஒவ்வொரு படியிலும் இடித்துக்கொண்டு வந்ததில் இரண்டு மாடியும் எழுந்து நின்று பார்த்தது. நேராகத் தங்கச்சியின் மேசைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "மேடம், அடுத்த வெர்ஷன் எப்ப ஏத்தலாம்னு நீங்க சொல்லுங்க. அதுக்கு ஏத்தாப்ல நாங்க எழுதுறோம்" என்றார்.

"மெயில் போடுங்க சார்" என்றாள். முகம் சிவந்துவிட்டது. நான் பார்த்தவரை அது வெட்கம் இல்லை, எரிச்சல்.

மெயிலும் போடுகிறேன், இப்போது நேரிலும் கேட்கிறேன் என்றார் தம்பி. எழுந்து போகவில்லை. தங்கச்சி சுற்றிலும் பார்த்தாள். கீழ் மாடி ஆட்கள் எல்லோரும் தங்கள் திரையை அவ்வளவு கவனமாகப் பார்த்து நான் கண்டதில்லை. கடைசியில், வியாழக்கிழமை வரை பஸ்காரர்களுக்குக் கூட்டம் இருக்கும், அதற்கப்புறம் ஏற்றலாம் என்றாள். அவர் எழுதிக்கொண்டார். இவ்வளவுதான். மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. இந்த மூன்று நிமிடத்துக்காகத்தான் நாங்கள் அந்த மாதம் முழுக்க இரண்டு கம்பெனிக்காரர்களுக்கு வடை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

மத்தியானம் தம்பி டிபன் பாக்ஸையும் கீழே கொண்டுவந்து டெலிவரிப் பையன்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அந்த மாப்ள மேலே தனியாகச் சாப்பிட்டான். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் அவன் என்னிடம் வந்து, "அக்கா, அவருக்கு எம்மேல என்ன வருத்தம்?" என்று கேட்டான். அவரையே கேட்கச் சொன்னேன். கேட்டிருக்கிறான். இரண்டு பேரும் மொட்டை மாடிக்குப் போனார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கீழே வந்தவன் நேராகத் தங்கச்சியின் மேசைக்கு முன்னால் போய் நின்றான். அவள் நிமிர்ந்து பார்த்து என்ன வேண்டும் என்று கேட்டாள். ஒண்ணுமில்ல மேடம் என்றான்.

"அப்ப அந்தத் திருப்பூர் பஸ் தப்ப முடிச்சுட்டு வாங்க" என்றாள். அவன் போய்விட்டான். அன்றைக்குச் சாயங்காலமே முடித்தும் கொடுத்தான்.

தளத்தை நான் தேர்ந்தெடுத்த விதத்தை இப்போது சொல்லலாம். இரண்டு விற்பனைக்காரர்களையும் மறுபடி கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். ஒரு வெர்ஷன் வெளியே போகும்போது, அதை எழுதியவர் பெயருக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், அதை ஏற்றியவர் பெயரும் வருமா? இப்படி ஒரு கேள்வியை அவர்கள் எந்த ஊரிலும் கேட்டதில்லை போலிருக்கிறது. தங்கச்சி கேட்ட தளத்துக்காரர், அது எதிர்காலத் திட்டத்தில் இருக்கிறது என்றார். தம்பி கேட்ட தளத்துக்காரர் யாரிடமோ போனில் பேசிவிட்டு, ஒரு இடத்தில் மாற்றிக்கொண்டால் வரும் என்று காட்டினார். அதையே எடுத்துக்கொள்ளலாம் என்று அண்ணனிடம் சொன்னேன். காரணம் கேட்டார். வெளிப்படைத்தன்மை என்றேன். அந்த வார்த்தை அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த கருத்தரங்கில் பேசுவதற்காகக் குறித்துக்கொண்டார்.

தங்கச்சியிடம் நான்தான் போய்ச் சொன்னேன். தான் கேட்டது வரவில்லை என்று வருத்தப்படுவாள் என்று நினைத்தேன். திரையில் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தாள். பெயர் வருகிற இடத்தை விரலால் அளந்து பார்த்தாள். சரிக்கா என்றாள்.

முதல் வெர்ஷன் அதில் போன அன்றைக்குத் திரையின் நடுவில் இரண்டு பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. எழுதியவர் அவர், ஏற்றியவர் அவள். மேலே கம்பெனி முத்திரை, கீழே தேதி, நேரம், இடம் மாட்டுத்தாவணி. டெலிவரிப் பையன் ஒருவன் பார்த்துவிட்டு, "பத்திரிகை நல்லாருக்கு" என்றான். அவர்களுக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்கவில்லை என்பது அந்தப் பையனுக்குத் தெரியாது. தம்பி அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டார். தங்கச்சி, அதன் தலைப்பில் ஒரு எழுத்துப் பிழை இருக்கிறது, டெஸ்டிங் என்ன பார்த்தது என்று என்னைக் கேட்டாள்.

எல்லாம் ஒரே இடத்துக்கு வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. கண்டக்டர்கள் வாட்ஸ்அப்பை விட்டு வரவில்லை. அவர்கள் புகாரைப் பேசித்தான் அனுப்புவார்கள், அதுவும் பஸ் ஹாரன் சத்தத்தோடு. அதைக் கேட்டு எழுதித் தளத்தில் போட ஒரு பையனை வைத்திருக்கிறோம். என் எக்செல் ஷீட்டை மூடச் சொல்லி அண்ணன் உத்தரவு போட்டார். மூடிவிட்டேன். பிறகு அவரே, அந்த நீலம் எத்தனை இருக்கிறது என்று கேட்டு ஆளனுப்பினார்.

விற்ற கம்பெனியிலிருந்து ஒரு பெண் கேமராவோடு வந்தாள். தங்கள் தளத்தால் ஒரு கம்பெனி எப்படி மாறியது என்று எழுதப் போகிறார்களாம். இந்தத் தளம் வந்த பிறகுதான் இரண்டு மாடியும் முகம் கொடுத்துப் பேச ஆரம்பித்தது என்று அண்ணன் மனதாரச் சொன்னார். அவர் அதை நம்பித்தான் சொன்னார். தம்பியைக் கேட்டபோது மேடத்தைக் கேளுங்கள் என்றார். மேடம், உபயோகமாக இருக்கிறது என்றாள். அந்தப் பெண் இன்னும் ஏதாவது சொல்லுங்கள் என்று வற்புறுத்தினாள். ரொம்ப உபயோகமாக இருக்கிறது என்றாள்.

இந்த வருஷம் அண்ணன் இரண்டு மாடிக்கும் சேர்த்துத் தங்கச்சியைப் பொறுப்பாகப் போட்டார். தம்பியிடம் முதலில் கேட்டாராம். அவர்தான் அவள் பெயரைச் சொல்லியிருக்கிறார் என்று வெளியே யாருக்கும் தெரியாது. தங்கச்சிக்கே தெரியாது என்று நினைக்கிறேன். அறிவிப்பைத் தளத்தில் போட்டார்கள். அடியில் முதல் ஆளாக அந்த மாப்ள, வாழ்த்துகள் மேடம் என்று பூங்கொத்துப் படத்தோடு எழுதியிருந்தான்.

தங்கச்சி அதைப் படித்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போனாள். மனசுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"அவன் நேத்துக் குடுத்ததுல இன்னும் தப்பு இருக்குக்கா. அதைப் பாருங்க" என்றாள்.

போய்ப் பார்த்தேன். இருந்தது.